ஹாக்கி மட்டைக்கு கிரிப் சுற்றுவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஹாக்கி அணிப் பிள்ளைகளின் மட்டைகளை உடற்கல்வி ஆசிரியரோடு சேர்ந்து பார்வையிட்டேன். பல மட்டைகளில் கைப்பிடியில் சுற்றியிருக்கும் பட்டையான கிரிப் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. சிலவற்றில் பழைய டேப்பின் மேலேயே புது டேப்பைச் சுற்றிச் சுற்றி, கைப்பிடி உலக்கை மாதிரி பருத்திருக்கிறது. புது மட்டை வாங்கித் தாருங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கிரிப்பை மாற்றினாலே போதும், அந்த மட்டைகள் நன்றாக உழைக்கும்.

மட்டையின் உருண்டையான பின்பக்கம் பந்தில் பட்டால் ஃபவுல். அதனால் இடப்பக்கம் போகும் பந்தை எடுக்க மட்டையைச் சட்டென்று திருப்பியாக வேண்டும். திருப்புவது மேலே பிடித்திருக்கும் இடது கை. கீழே இருக்கும் வலது கை தளர்வாக இருக்கும், அதற்குள் மட்டை சுழலும். கைப்பிடி தடித்துவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் விரல்கள் அதைச் சுற்றி வளைவதே இல்லை. வழுக்கினாலோ, பயந்துபோய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அப்புறம் மட்டையைத் திருப்பி ஆடும் ரிவர்ஸ் எங்கே வரும்? ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்கு ரிவர்ஸ் வராமல் போவதற்கு ஒரு டேப் காரணமாக இருக்கக்கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்காருங்கள். பழைய கிரிப்பை முழுவதும் உரித்து, ஒட்டியிருக்கும் பசையைத் தேய்த்தெடுத்து, கைப்பிடியை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். புது கிரிப்பின் ஒரு முனை கூர்மையாகச் சரித்து வெட்டியிருக்கும். அதை மட்டையின் உச்சியில் ஒட்டி, ஒரு சுற்று நேராகச் சுற்றிவிட்டுச் சாய்வாகக் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறினால் போதும். இழுவை ஒரே சீராக இருக்கட்டும். ரொம்ப இழுத்தால் கிரிப் மெலிந்து கிழியும், தளர விட்டால் சுருக்கம் விழுந்து உள்ளங்கையில் கொப்புளம் வரும். முடியும் இடத்தில் மிச்சத்தை வெட்டிவிட்டு, எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டால் சரி.

சுற்றுவது பிள்ளையின் கையாகவே இருக்கட்டும். நீங்கள் மட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கோணலாக வந்தால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். விரிசல் விட்ட மட்டையை டேப்பால் மறைத்து அனுப்பாதீர்கள். சிலாம்பு பெயர்ந்தால் அது இன்னொரு பிள்ளையின் கண்ணில் போய்விடும். கீழ்ப்பகுதி தேயாமலிருக்க மெல்லிய டேப் ஒட்டலாம், தவறில்லை. ஆனால் டேப்போடு சேர்த்து மட்டை 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும், எடை 737 கிராமைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி.

மழையில் நனைந்த மட்டையை நிழலில் சாய்த்து வையுங்கள். வெயிலில் போட்டால் பசை இளகிவிடும்.

கிரிப் வாங்கச் சிரமப்படும் வீடுகள் தயங்காமல் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். விளையாட்டு அறையில் வாங்கி வைத்திருக்கிறோம். விரிசல் இருக்குமோ என்று சந்தேகப்படும் மட்டையைத் திங்கட்கிழமை காலைப் பயிற்சிக்கு முன் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்