அந்தக் கணக்கைக் காட்டுங்கள்

மொரிஷியஸ் சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும், வணக்கம்.

எனக்கு 41 வயது, ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். மூன்று வருடம் கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ராய்டு என்ற கட்டியோடு காலம் தள்ளினேன். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. மெட்ரோவில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன், எழும்போது கறை பட்டிருக்குமோ என்ற பயம். தைப்பூசத்துக்கு விரதம் இருந்தும் இரண்டு வருடம் பால்குடம் எடுக்க முடியாமல் போனது. நம் வீடுகளில் இதை அம்மாவிடம்கூட அரைகுறையாகத்தான் சொல்வோம். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், "கர்ப்பப்பையை எடுத்துடலாம், செலவும் குறைவு" என்றார். வேறு வழி இல்லையா என்றேன். "இருக்கு, ஆனா கட்டுப்படியாகாது." அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், ஆக அவர் சொன்னது அரசின் பணத்தை. எந்தக் கணக்கை வைத்துச் சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கர்ப்பப்பையைக் காப்பாற்றும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மயோமெக்டமி: கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கர்ப்பப்பையைத் தைத்துவிடுவார்கள். வயிற்றைத் திறந்து செய்தால் பல வாரம் ஓய்வு வேண்டும். இன்னொன்று எம்போலைசேஷன்: தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தத்தைப் பொடி மணிகளால் அடைப்பார்கள், கட்டி சுருங்கும். தையல் இல்லை, ஓரிரு நாளில் வீடு. இதுதான் மலிவாக முடியும் என்று நானும் நம்பினேன்.

பிரிட்டனில் 254 பெண்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்டு, 2020இல் ஃபெம் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வருடச் செலவைக் கூட்டினால் எம்போலைசேஷனுக்குச் சராசரி 7,958 பவுண்டு, மயோமெக்டமிக்கு 7,314. நலமாக வாழ்ந்த காலத்தை ஆண்டுக் கணக்கில் அளந்தபோதும் மயோமெக்டமிக்கே கூடுதல்: 0.83, மற்றதற்கு 0.74. முதல் நாள் பில்லை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நெதர்லாந்தில் கர்ப்பப்பையை எடுக்க இருந்த பெண்களுக்கு எம்போலைசேஷன் செய்து பார்த்தார்கள். பத்து வருடத்தில் 35 சதவீதம் பேருக்குக் கடைசியில் கர்ப்பப்பையை எடுக்க நேர்ந்தது. மற்றவர்களுக்குக் கர்ப்பப்பை தப்பியது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சரி, அவர்கள் விலை வேறு, நம் விலை வேறு. இங்கே அந்த மணிகளும் குழாய்களும் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். நம் செவிலியர் சம்பளம், அறுவை அரங்கில் காத்திருக்கும் வரிசை, இங்கே வசதி இல்லாமல் சென்னைக்குப் போகிறவர்களின் செலவு, எல்லாமே வேறு. அதனால்தான் நம் ஊர்க் கணக்கைக் கேட்கிறேன். கர்ப்பப்பையை எடுப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, ரத்தக்குழாயை அடைப்பது, மூன்றையும் ஐந்து வருடத்துக்காவது ஒப்பிடுங்கள். ஹோட்டலில் அறை துடைக்கும் பெண் ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் இழக்கும் கூலியையும் சேருங்கள். சூலகத்தை விட்டுவைத்தாலும் கர்ப்பப்பை போன பிறகு மாதவிடாய் நிற்கும் பருவம் சிலருக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது, அந்தச் செலவையும் விடாதீர்கள். பிறகு அதைப் பெண்கள் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள்.

எனக்கு வேறொரு மருத்துவர் கட்டியை மட்டும் எடுத்தார். இந்த வருடம் பால்குடம் எடுத்தேன். என் தங்கைக்கு 33 வயது, இன்னும் குழந்தை இல்லை. போன மாத ஸ்கேனில் அவளுக்கும் கட்டி இருப்பது தெரிந்தது. மருத்துவரைப் பார்க்க அவளோடு நானும் போகிறேன். செலவு என்ற பேச்சு வந்தால், அந்தக் கணக்கைக் காட்டச் சொல்வேன்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசி ஒருத்தி