‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை வெளியாகும் படங்களுக்கு உங்கள் இதழில் வரும் விமர்சனத்தைப் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கும் வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் ஒரு குறை. பேய்ப் படம், போலீஸ் படம், காதல் படம் எதுவானாலும் விமர்சனம் ஒரே வாய்ப்பாட்டில் முடிகிறது. முதல் பாதி விறுவிறுப்பு, இரண்டாம் பாதி தொய்வு, பாடல்கள் வேகத்தடை, ஒளிப்பதிவு கச்சிதம், ஐந்துக்கு இரண்டே முக்கால். படத்தின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரத்துக்கும் இதுவே ஆகும்.

ஒவ்வொரு வகைப் படமும் வேறு வேறு இடத்தில் கெட்டுப்போகிறது. அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினால்தான் நூற்றைம்பது, இருநூறு ரூபாய் கொடுத்துப் போகிறவருக்கு விமர்சனம் உதவும்.

பெரிய நட்சத்திரங்களின் அடிதடிப் படத்தை எடுத்துக்கொள்வோம். ‘மாஸ்’ காட்சி சண்டையின் நீளத்தால் வருவதில்லை. சண்டைக்கு முன் நாயகன் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் கணக்கு. 1995-ல் வந்த பாட்ஷாவில் ஆட்டோக்காரர் மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்குகிறார், திருப்பி அடிப்பதில்லை. தங்கைக்கு ஆபத்து வந்த பிறகுதான் கை ஓங்குகிறார். அதற்குள் பார்ப்பவர் மனதில் கோபம் அணை மட்டத்துக்கு ஏறியிருக்கும். அறிமுகக் காட்சியிலேயே முப்பது பேரைப் பறக்கவிடும் நாயகனுக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை. இரண்டாவது சண்டையில் அறுபது பேரைப் பறக்கவிட்டாலும் திரையரங்கம் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடும்.

2022-ல் வந்த விக்ரம் இதையே வேறு விதமாகச் செய்தது. முதல் பாதியில் கமல்ஹாசனை நேராகக் காட்டுவது குறைவு. இறந்துபோனதாக நம்பப்படும் அவருடைய பாத்திரத்தைப் பற்றி ஃபஹத் ஃபாசில் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். இடைவேளையில் முகமூடி கழன்று கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஜெயிலரில் (2023) ரஜினி முதலில் பேரனின் யூடியூப் வீடியோவுக்கு உதவும் தாத்தாவாக வருகிறார். அந்தத் தாத்தாவுக்கும் பின்னால் வெளிப்படும் ஆளுக்கும் உள்ள தூரம்தான் அந்தப் படத்தின் முதலீடு. ஆனால் இரண்டாம் பாதியில் கிரீடம் திருடும் கதைக்குத் தாவியதும் அந்த முதலீடு கரைகிறது. மகனை இழந்த தகப்பனின் கோபத்துக்கும் கிரீடத்துக்கும் நடுவே உள்ள கயிறு மெலிது. ‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று எழுதுவதைவிட, கதையின் நோக்கம் கைமாறிவிட்டது என்று எழுதினால் வாசகருக்குப் புரியும். இவ்வளவு சொன்னாலும், அந்தப் படத்தின் முதல் பாதிக்காகவே டிக்கெட் காசு தகும் என்பது என் கட்சி.

துப்பறியும் படங்களில் சிக்கல் வேறு. அங்கே தேக்கி வைப்பது தகவலை. கொலையாளி யார் என்பதை மறைப்பது எளிது, மறைத்ததை நியாயமாக மறைத்திருக்கிறார்களா என்பதுதான் சோதனை. கடைசியில் வெளிவரும் ஆள் கடைசி அரை மணியில்தான் முதல்முறை பேசப்படுகிறார் என்றால் அது ஏமாற்று வேலை. ராட்சசனில் (2018) நாயகன் தொடர் கொலைகாரர்களைப் பற்றிப் படம் எடுப்பதற்காகச் செய்தித்தாள் வெட்டுகளைச் சேர்த்து வைத்தவர், வீட்டு நெருக்கடியால் போலீஸ் வேலைக்கு வந்தவர். மற்ற அதிகாரிகளுக்குத் தோன்றாதது அவருக்கு ஏன் தோன்றுகிறது என்ற கேள்வி முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ந்துபோகிறது. நடுவில் வரும் ஆசிரியர் பகுதி திசை திருப்பும் வேலைதான். ஆனாலும் அலுக்கவில்லை, ஏனென்றால் அந்த ஆசிரியரே தனி ஆபத்து. திசை திருப்ப வரும் பாத்திரம் வெறும் முறைப்போடு நின்றுவிட்டால் ரசிகர் இரண்டாவது முறைப்பிலேயே அவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார். ராட்சசன் சறுக்குவது கொலையாளியின் கடந்த காலத்தை விளக்க வண்டியை நிறுத்தும் இடத்தில். துரத்தல் சூடு பிடித்த நேரத்தில் பரிதாபக் கதை வந்தால் இரண்டுமே ஆறிப்போகும். நம் துப்பறியும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நோய் உண்டு.

முன்னும் பின்னுமாகக் கலைத்துச் சொல்லும் படங்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. சம்பவங்களை நடந்த வரிசையில் மனதுக்குள் அடுக்கிப் பாருங்கள். அப்போதும் கதை நின்றால், கலைத்தது கலை. நிற்காவிட்டால் ஓட்டையை மூடக் கலைத்திருக்கிறார்கள். மகாராஜா (2024) நேராக அடுக்கினாலும் வலிக்கும் கதைதான். கலைத்ததால் கிடைக்கும் அதிர்ச்சி அதன் மேல் கூடுதலாக வருகிறது. காவல் நிலையத்தில் குப்பைத் தொட்டி காணவில்லை என்ற அதே புகாரை நாயகன் திரும்பத் திரும்பச் சொல்வது முதலில் சிரிப்பாகவும், பிறகு எரிச்சலாகவும், கடைசியில் வேறொன்றாகவும் மாறுகிறது. இந்தப் படத்தின் விமர்சனத்தில் கதைச் சுருக்கத்துக்கு நான்கு வரி கொடுத்தாலே படம் பாதி செத்துவிடும். துப்பறியும் படங்களுக்குக் கதைச் சுருக்கம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம் என்று உங்கள் விமர்சகர்களுக்கு ஒரு விதியே போடலாம்.

பாடல் இல்லாமல் எடுத்தாலே புதுமை என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் 1954-லேயே பாடல் இல்லாமல் வந்தது. படம் தொடங்கியதும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார், மீதிப் படம் ஒவ்வொருவர் வாக்குமூலமாக நகர்கிறது. துருவங்கள் பதினாறும் (2016) கைதியும் (2019) பாடலை விட்டதற்குக் காரணம் இருந்தது. கைதியில் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும், அந்தக் கடிகாரம் பாட்டுக்கு நிற்காது. அதே அளவுகோலோடு கரகாட்டக்காரனுக்குப் (1989) போனால் என்ன ஆகும்? அங்கே பாட்டும் ஆட்டமும்தான் பாத்திரங்களின் பிழைப்பு. பாடல் வேகத்தடையா என்று கேட்பதற்குப் பதில், பாட்டு முடிந்ததும் கதை ஓரடியாவது நகர்ந்திருக்கிறதா என்று கேட்கலாம்.

நகைச்சுவைக்கு உங்கள் இதழ் ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ‘காமெடி ஓரளவு கைகொடுத்திருக்கிறது’ என்ற ஒரே வரி. தமிழ் சினிமாவில் எடுக்கக் கடினமான வகை அதுதான் என்பதை இந்த வரி மறைத்துவிடுகிறது. காதலிக்க நேரமில்லையில் (1964) நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைக் கவனியுங்கள். நாகேஷ் சத்தம் எழுப்புகிறார், முகத்தைக் கோணுகிறார், ஆனால் சிரிப்பைக் கட்டி எழுப்புவது கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகம். சொல்பவரை மட்டும் காட்டியிருந்தால் அது ஒரு பலகுரல் நிகழ்ச்சியாக முடிந்திருக்கும். இப்போதைய படங்களில் கேலி சொல்பவர் முகத்திலேயே கேமரா குத்திட்டு நிற்கிறது. அவரும் வரிக்கு வரி அடித்துக்கொண்டே போகிறார், எதிரில் இருப்பவருக்கு எதுவும் ஆவதில்லை.

இன்னொன்று, இடைவெளி. இருநூறு பேர் சேர்ந்து சிரிக்கும்போது அடுத்த இரண்டு வசனம் காதில் விழாது. அதை எதிர்பார்த்து ஒரு மூச்சு விட வேண்டும், அல்லது அந்த நேரத்தில் முக்கியமில்லாத ஒரு அசைவை வைக்க வேண்டும். மைக்கேல் மதன காமராஜனில் (1990) கிரேஸி மோகன் எழுதியது மாதிரி மூச்சுவிடாமல் வசனம் வைத்தால், முதல்முறை பாதிதான் பிடிபடும். அந்தப் படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பத்தாவது முறை பார்த்தாலும் புதிதாக ஒரு வரி கிடைப்பது இதனால்தான். எல்லோருக்கும் அந்தப் பந்தயம் பலிக்காது.

காமெடியைத் தனி டிராக்காகப் படத்தில் ஒட்டவைக்கும் வழக்கம் குறைந்தது நல்லதே. கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் காட்சி இன்றும் நிற்பதற்கு ஒரு காரணம், அவர்கள் அந்தக் கரகாட்டக் குழுவின் ஆட்களாகவே இருப்பது. நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் (2012) இன்னும் ஒரு படி மேலே போய், ஞாபகம் தப்பியவன் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்வியில் முழுப்படத்தையும் ஓட்டியது. ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்த சம்பவம் அது. அங்கே ஒவ்வொரு தடவையும் கேள்வி அதேதான், பக்கத்தில் இருக்கும் நண்பர்களின் பீதி மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

பேய்ப் படங்கள் இப்போது ஓர் அச்சில் வார்க்கப்படுகின்றன. காஞ்சனா (2011) ஓடியதும், பயந்தாங்கொள்ளி நாயகன், அலறும் குடும்பம், உடலுக்குள் புகும் ஆவி, அதற்கு நடந்த அநியாயம், கடைசியில் சாமிப் பாட்டு என்று வரிசை நிலைத்துவிட்டது. அரண்மனை 2024-க்குள் நான்காம் பாகம் வரை வந்துவிட்டது. காஞ்சனாவுக்கு சரத்குமாரின் திருநங்கைப் பாத்திரம் எடை கொடுத்தது. பின்னால் வந்தவை வரிசையை எடுத்துக்கொண்டு எடையை விட்டுவிட்டன. பயத்தைத் திடீர்ச் சத்தத்தால் வரவழைப்பது மலிவான வழி, உடம்பு துள்ளும், மனது துள்ளாது. யாவரும் நலம் (2009) எப்படிப் பயமுறுத்தியது? மாதவன் தன் கைப்பேசியில் எடுக்கும் படங்களில் அவர் முகம் மட்டும் கோணிப்போகிறது. லிஃப்ட் அவருக்கு மட்டும் மறுக்கிறது. வீட்டில் ஓடும் சீரியலில் அந்த வீட்டுக் கதையே வருகிறது. படம் முடிந்து வீட்டுக்குப் போனால் இந்த மூன்று சாமான்களும் அங்கேயும் இருக்கும் அல்லவா?

விளையாட்டுப் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்பது போஸ்டரிலேயே தெரியும். எதிராளியின் ஆட்ட முறை நமக்குப் புரிந்திருக்கிறதா என்பதுதான் விஷயம். சார்பட்டா பரம்பரையில் (2021) குத்துச்சண்டை வீரர் டான்சிங் ரோஸுடன் நடக்கும் மோதல் இறுதி மோதலைவிட மனதில் நிற்பது அவர் கால்கள் என்ன செய்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்ததால். லப்பர் பந்து (2024) கிரிக்கெட் போட்டியை மாமனார், மருமகன் வீம்பாக்கியதால் கோப்பையைப் பற்றிக் கவலையே வரவில்லை.

காதல், குடும்பப் படங்களுக்கு ‘மெதுவாக நகர்கிறது’ என்ற தீர்ப்பு தயாராக இருக்கிறது. மெதுவு வேறு, இழுவை வேறு. காட்சி தொடங்கியபோது இரண்டு பேருக்கு நடுவே இருந்த நிலை, காட்சி முடிந்தபோது ஓரிழையாவது மாறியிருந்தால் அது மெதுவு. மாறவில்லை என்றால் இழுவை. 96-ல் (2018) பள்ளியில் ராம் ‘யமுனை ஆற்றிலே’ பாட்டை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஜானு வேறு பாட்டுப் பாடித் தட்டிக் கழிக்கிறாள். பல வருடம் கழித்து, மின்சாரம் போன இருட்டில்தான் அதைப் பாடுகிறாள். அரை மணி நேரத்துக்கு முன்பே பாடியிருந்தால் அது இன்னொரு பழைய பாட்டு, அவ்வளவுதான். பாட்ஷாவின் கம்பமும் இந்தப் பாட்டும் ஒரே தொழில்நுட்பம் என்று சொன்னால் 96 ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

கடைசியாக, விமர்சனத்தின் அடியில் நான்கு தகவல்களை அச்சிட வேண்டுகிறேன். பெரும்பாலும் இவைதான் விடுபடுகின்றன.

ஒன்று, பார்த்த பிரதியின் நீளம். வெளியான பிறகு படத்தை வெட்டுவது இப்போது சாதாரணம். 2024-ல் இந்தியன் 2 சுமார் 12 நிமிடமும் மெய்யழகன் சுமார் 18 நிமிடமும் குறைக்கப்பட்டன. முதல் நாள் விமர்சனத்தில் இழுவை என்று குறித்த காட்சி நான்காம் நாள் திரையிலேயே இருக்காது. வெட்டிய பின் ஒரு வரி திருத்தம் போடலாம்.

இரண்டு, சான்றிதழ். 2024-ன் புதிய விதிகளின்படி யு/ஏ என்பது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அது பெற்றோருக்கான வழிகாட்டல், வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஏ சான்றிதழ் என்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. ‘யு/ஏ’ என்று மட்டும் போடுவதால் குழந்தையோடு போகிறவருக்குப் பயனில்லை. ரத்தமா, பேயா, வசவா எது காரணம் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

மூன்று, எந்த வகைப் படம், எந்த இடத்தில் அது தடுமாறுகிறது என்ற ஒரு வரி. நட்சத்திர எண்ணிக்கைக்குப் பதிலாகவே இதைப் போடலாம்.

நான்கு, ஒலி. கங்குவா (2024) வெளியானபோது இரைச்சல் தாங்கவில்லை என்று புகார் கிளம்பி, ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். இதன் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. அரங்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் டால்பி கருவியில் 7 என்ற அளவில் ஒலிக்கும் என்று வைத்துத்தான் படத்தின் ஒலிக்கலவையைச் செய்கிறார்கள். இசையும் வெடியும் மிகையாக உள்ள படத்துக்குப் புகார் வந்ததும் ஆபரேட்டர் 5-க்கோ அதற்கும் கீழேயோ இறக்குகிறார். அடுத்து அதே அரங்குக்கு அடக்கமாகக் கலவை செய்த படம் வந்தால், திரைக்குப் பின்னால் நடு ஒலிபெருக்கியிலிருந்து வரும் வசனம் முனகலாகத்தான் கேட்கும். பழி மட்டும் ‘வசனங்கள் புரியவில்லை’ என்று அந்தப் படத்தின் மேல் விழுகிறது. ஆகவே வசனம் கேட்கவில்லை என்று எழுதுவதற்கு முன் விமர்சகர் இன்னொரு அரங்கில் பத்து நிமிடம் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டிலும் கேட்கவில்லை என்றால் படத்தைத் திட்டலாம், ஒன்றில் மட்டும் என்றால் அரங்கின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி