உளவுக்கு ஒரு தாள் ஒதுக்குங்கள்

இளங்கலை அரசியல் அறிவியலுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். சர்வதேச உறவுகள் தாளில் ‘தேசியப் பாதுகாப்பு’ என்று ஓர் அலகு இருக்கிறது. அதன் கடைசி வரியில், வேறு நான்கைந்து தலைப்புகளோடு ஒட்டிக்கொண்டு, ‘உளவு அமைப்புகளின் பங்கு’ என்று மூன்று சொல். பல வருடங்களாக இந்தத் தாளை நடத்துகிறேன். அந்த மூன்று சொல்லுக்கு எனக்குக் கிடைப்பது செமஸ்டர் முடியும் வாரத்தில் ஒரு மணி நேரம். அதிலும் பாதி வருகைப்பதிவுக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் போய்விடும். மிச்ச நேரத்தில் சி.ஐ.ஏ., எம்.ஐ.6, மொசாட், ரா என்று பெயரையும் தொடங்கிய ஆண்டையும் எழுதவைத்து அனுப்பிவிடுகிறேன். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு முழுத் தாள் வேண்டும், மூன்றாம் ஆண்டில் விருப்பப்பாடமாகவாவது வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

“என்ன, ஒற்றர் பயிற்சிப் பள்ளி நடத்தப் போகிறீர்களா?” என்று ஒரு முறை சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். தமிழில் இதற்கு இரண்டு சொல் புழங்குகிறது: உளவு, நுண்ணறிவு. செய்தித்தாளில் இரண்டும் ஒரே பொருளில் வருகின்றன. ஆனால் உளவு என்றால் ஒளிந்திருந்து பார்ப்பதும் கேட்பதும் நினைவுக்கு வருகிறது. பார்த்ததையும் கேட்டதையும் வைத்து என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கக்கூடும் என்று எடைபோடுவது நுண்ணறிவு. மாணவர்கள் முதல் சொல்லின் கவர்ச்சியில் வகுப்புக்கு வருகிறார்கள். வரட்டும், தப்பில்லை. நான் நடத்த ஆசைப்படுவது இரண்டாவதை. அரசு ஒரு விஷயத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது, தெரிந்ததை எங்கே தப்பாகப் புரிந்துகொள்கிறது, அதை யார் தட்டிக்கேட்கலாம் என்பதெல்லாம் நம் துறையின் கேள்விகள் இல்லாமல் வேறு எந்தத் துறையின் கேள்விகள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1951 மார்ச்சில் அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று, அந்த ஆண்டில் யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி படையெடுப்பதை ‘தீவிரமாகக் கருதவேண்டிய சாத்தியம்’ என்று எழுதியது. அதற்கு என்னதான் அர்த்தம் என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர், மதிப்பீட்டுப் பிரிவில் இருந்த ஷெர்மன் கென்ட்டிடம் கேட்டார். நடக்கும் என்பதற்கு 65, நடக்காது என்பதற்கு 35 என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டுப் போனார்; அவர் மிகவும் குறைவாக நினைத்துக்கொண்டிருந்தார். கென்ட்டுக்கு உறுத்தல். தன்னோடு உட்கார்ந்து அந்த வாக்கியத்தை முடிவு செய்த சகாக்களையே விசாரித்தார். ஒருவர் மனதில் 80 இருந்தது, இன்னொருவர் மனதில் 20. எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட வாக்கியம் அது!

இந்தக் கதையைச் சொல்வதற்கு முன், அதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, துண்டுச்சீட்டு கொடுத்து, நூற்றுக்கு எத்தனை என்று குறிக்கச் சொல்வது என் வழக்கம். போன முறை முதல் பெஞ்சில் ஒரு மாணவி 30 என்று எழுதியிருந்தாள். அவள் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த தோழி 85. இரண்டு சீட்டையும் அருகருகே பலகையில் ஒட்டினேன். அப்புறம் எழுந்த வாக்குவாதம் மணி அடித்தும் நிற்கவில்லை. “தீவிரம் என்று சொல்லிவிட்டு எப்படிப் பாதிக்குக் கீழே போட்டாய்?” என்றாள் ஒருத்தி. “சாத்தியம் என்றுதானே சொன்னார்கள், நடக்கும் என்றா சொன்னார்கள்?” என்றாள் மற்றவள். வருடம் முழுக்க நான் நடத்தியதில் அவர்கள் இவ்வளவு கூர்ந்து படித்த வாக்கியம் வேறு இல்லை.

நம் மொழியில் இதற்கு வேர் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒற்றாடல் என்று 59ஆம் அதிகாரத்தையே வைத்திருக்கிறார் வள்ளுவர். அது இருக்கும் இயலின் பெயரே அரசியல்தான்.

“ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்”

மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்பதோடு இதை வழக்கமாக விட்டுவிடுகிறோம். முதல் பாதியில்தான் சூட்சுமம் இருக்கிறது: ஒருவரை ஒருவர் அறியாதபடி அவர்களை வைத்திருக்க வேண்டும். மூவரும் ஒரே ஊற்றிலிருந்து குடித்திருந்தால் அது மூன்று சாட்சி இல்லை, ஒன்றுதான். 2002 அக்டோபரில் வந்த அமெரிக்க மதிப்பீடு, இராக்கிடம் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் இருப்பதாகச் சொன்னது. அதற்குப் பெரும்பாலும் ஆதாரம் ‘கர்வ்பால்’ என்ற குறியீட்டுப் பெயர் கொண்ட ஒரே ஆள். அவர் ஜெர்மன் உளவு அமைப்பின் பொறுப்பில் இருந்தார். 2003 இராக் போருக்கு முன் சி.ஐ.ஏ. அவரை நேரில் விசாரிக்கவே இல்லை. துணைச்சாட்சியாகக் காட்டப்பட்டவர்களில் ஒருவர் கதை கட்டுபவர் என்று அந்த ஆண்டு மே மாதமே எச்சரிக்கை போடப்பட்டிருந்தது. போர் முடிந்து தேடினால் கூடமும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்தக் குறளையும் அந்த மதிப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்த எனக்கு மூன்று வகுப்பு வேண்டும். இருப்பதோ அரை மணி நேரம்.

அதே ஆவணத்தில் அலுமினியக் குழாய் விவகாரமும் இருக்கிறது. அணு ஆயுதத்துக்காக யுரேனியம் செறிவூட்டத்தான் இராக் அவற்றை வாங்க முயன்றது என்றது பெரும்பான்மை. செறிவூட்டலைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரிந்த எரிசக்தித் துறையோ, இல்லை, ராக்கெட் செய்யத்தான் என்றது. மாற்றுக் கருத்து பதிவாகித்தான் இருந்தது. விஷயம் தெரிந்தவர் ஏன் தோற்றார் என்பது அதிகாரத்துவம் பற்றி நாம் முதலாம் ஆண்டில் நடத்தும் எந்தக் கோட்பாட்டையும்விட மாணவர்களுக்கு உறைக்கும்.

தகவல் கையில் இருந்தும் கோட்டைவிட்ட கதைகளும் ஏராளம். நீண்ட தூரம் தாக்கும் விமானங்கள் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது என்று இஸ்ரேலிய ராணுவ உளவுப் பிரிவு உறுதியாக நம்பியது. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது. கியூபாவில் சோவியத் ஏவுகணை வைப்பது அவர்கள் வழக்கத்துக்கு ஒவ்வாதது என்று 1962 செப்டம்பரில் எழுதியவர் சாட்சாத் கென்ட்டின் குழுதான். நான்கு வாரத்துக்குள் அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் அங்கே ஏவுகணைகளைப் படம் பிடித்துவிட்டது. ஏவுகணை வரும் என்று முன்கூட்டியே சந்தேகப்பட்ட சி.ஐ.ஏ. இயக்குநர் மக்கோன் அப்போது பிரான்சில் தேனிலவில் இருந்தார். அங்கிருந்து தந்திமேல் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். சிரித்து முடித்ததும், மேலதிகாரியின் சந்தேகத்தையே எழுதுபவர்கள் ஏற்காமல் போனது நல்லதா கெட்டதா என்று கேட்பேன். அமைதியாகிவிடுவார்கள்.

இனி, இந்தத் தாள் அரசுக்குப் பாட்டுப் பாடுவதாகிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு. பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த அத்துமீறல்களை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு இதை நடத்தவே முடியாது. 1964இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிரட்டலான அநாமதேயக் கடிதம் போனது அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடமிருந்து. இதுபோன்றவற்றை 1975இல் தொடங்கி அமெரிக்க செனட்டின் சர்ச் குழு தோண்டியெடுத்தது. அதன் தொடர்ச்சியாக, அயல்நாட்டு உளவுக்காக உள்நாட்டில் ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1978இல் சட்டம் வந்தது. பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5 பிறந்தது 1909இல். அதற்கென்று நாடாளுமன்றச் சட்டம் வந்தது 1989இல். எண்பது வருடம்! இந்தியாவின் ரா 1968இல் உருவானது. அதன் அதிகாரத்தையும் பொறுப்பையும் வரையறுக்கும் நாடாளுமன்றச் சட்டம் இன்றுவரை இல்லை. மூன்று வருடம் ‘சட்டத்தின் ஆட்சி’ படித்த மாணவர் இது தெரியாமல் பட்டம் வாங்கிப் போகிறார்.

ரகசிய ஆவணங்கள் இல்லாமல் எதை வைத்து நடத்துவீர்கள் என்பது அடுத்த ஆட்சேபம். செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஒரு மாதம் முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்க அதிபருக்குத் தரப்பட்ட, பின்லேடன் அமெரிக்காவுக்குள்ளேயே தாக்க உறுதியாக இருக்கிறார் என்ற தலைப்பிட்ட குறிப்பு 2004இல் வெளியாகிவிட்டது. சில சொற்கள் மறைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம். விமானக் கடத்தல் என்ற சொல் அதில் இருக்கிறது. தேதி இல்லை, ஊர்ப் பேரில் நியூயார்க்கும் வாஷிங்டனும் இருக்கின்றன, ஆனால் எங்கே எப்படி என்று இல்லை. அதைப் படித்துவிட்டு, அடுத்த நாள் காலை நீங்கள் யாருக்கு என்ன உத்தரவு போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இராக் போர் பற்றிய பிரிட்டனின் பட்லர் அறிக்கை, கார்கில் மறு ஆய்வுக் குழுவின் அறிக்கை எல்லாம் யாரும் படிக்கலாம். குறைவது ஆவணம் இல்லை, நேரம்தான்.

கடைசியாக, தேர்வு. இந்தத் தாளுக்கும் ‘பங்கினை விவரி’ என்று கேள்வி வைத்தால் தயவுசெய்து தாளே வேண்டாம், இருக்கிற மூன்று சொல்லே போதும். பத்துத் துண்டுக் குறிப்புகளைக் கொடுங்கள். அதில் இரண்டு பொய்யாக இருக்கட்டும், இரண்டு ஒரே ஆளிடமிருந்து வேறு வேறு வழியில் வந்தவையாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்க மதிப்பீடு எழுதச் சொல்லுங்கள்: என்ன தெரியும், என்ன தெரியாது, எவ்வளவு நிச்சயம். ‘எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால்...’ என்று காரணத்தோடு எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுக்க விதியில் இடம் வையுங்கள்.

ஐந்து அலகுக்கான வரைவும் மாதிரிக் குறிப்புக் கட்டு ஒன்றும் தயாராக வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். வரும்போது துண்டுச்சீட்டும் கொண்டுவருவேன். ‘பரிசீலிக்கப்படும்’ என்று நீங்கள் எழுதும் பதிலுக்கு, நூற்றுக்கு எத்தனை என்று ஆளுக்கொரு சீட்டில் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியர்