உள்ளங்கை அரிப்பும் பித்த உப்பும்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மல்லிகா,

போன வாரம் போனில் பேசும்போது உன் சின்ன மகளுக்குக் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது என்று சொன்னாய். அந்தச் சந்தோஷத்தில் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. போனில் சொன்னால் பாதி பஸ் ஹாரனில் போய்விடும். எழுதினால் நீ இரண்டு தரம் படிப்பாய், மாப்பிள்ளையிடமும் காட்டுவாய்.

என் மகளுக்குக் கர்ப்பத்தின் 33ஆவது வாரத்தில் அரிப்பு ஆரம்பித்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். பகலில் பரவாயில்லை, விளக்கை அணைத்தால் தாங்க மாட்டாள். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்க்கிறேன், குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பக்கெட் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, சீப்பால் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். லைட்டுக்குக் கீழே கையை விரித்துப் பார்த்தேன். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சீப்புப் பல்லின் கோடு மட்டும் வரிவரியாக இருந்தது.

பக்கத்துக் கிளினிக்கில் உடம்புச் சூடு என்று ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார்கள். சம்பந்தி அம்மா, "பித்தம் ஏறிப்போச்சு" என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது, மல்லிகா. ஐந்தாம் நாள் நான் பிடிவாதம் பிடித்து, வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போய், ரத்தத்தில் பித்த அமிலம் பார்க்க வைத்தேன். வெறும் வயிற்றில் 10 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டியது 62 இருந்தது. முப்பது வருஷம் லேபில் பித்த உப்போடு, அதாவது இதே அமிலத்தின் உப்பு வடிவத்தோடு, புழங்கியவள் நான். எனக்கே ஐந்து நாள் ஆனது இன்னும் மனசை அறுக்கிறது.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹார்மோன் ஏற ஏற, சில பெண்களுக்கு ஈரலிலிருந்து பித்தம் இறங்குவது மந்தமாகிவிடுகிறது. குடலுக்குப் போக வேண்டிய அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது. தாய்க்குப் பெரும்பாலும் அரிப்போடு போய்விடும், ஆபத்து குழந்தைக்குத்தான். அளவு 100-ஐத் தொட்டுவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது என்று 2019-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். லேபில் வளர்த்த எலிக்குட்டியின் இதயச் செல்களில் டாரோகோலேட் விட்டால், ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருந்தவை தாளம் தப்புகின்றன. டாரோகோலேட், நாம் டப்பா டப்பாவாகப் பார்த்த அதே பித்த உப்பு. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நமக்குப் பித்த உப்பு என்றால் லேபில் கிருமி வளர்க்கிற மெக்கான்கி பிளேட்தானே? வேண்டாத கிருமியை அமுக்கிவிட்டு, குடல் கிருமியை மட்டும் வளரவிடும் சரக்கு. ஈ. கோலை ரோஸ் நிறத்தில் வரும், டைபாய்டு கிருமி நிறமில்லாமல் வரும். குடலிலேயே பித்தத்தில் முங்கி வாழப் பழகியது பிளேட்டிலும் தாக்குப்பிடிக்கும், பழகாதது செத்துப்போகும். நிமோனியா கிருமி வளர்ந்த குழாயில் டியாக்ஸிகோலேட் என்கிற பித்த உப்பை இரண்டு சொட்டு விடுவோமே, கலங்கலாக இருந்த குழாய் கண்ணெதிரே தெளிந்துவிடும். அதை முதல் தரம் பார்த்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

1992 கடைசியில் வந்த காலராவை மறக்க முடியுமா? காலராக் கிருமியை வளர்க்கிற டி.சி.பி.எஸ். கலவையை ஆட்டோகிளேவில், அந்த அழுத்த நீராவிப் பாத்திரத்தில், வைக்கக் கூடாது, கொதிக்க வைத்தால் போதும் என்று ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் நீதான் சொல்லிக்கொடுப்பாய். பச்சைப் பிளேட்டில் மஞ்சள் காலனி வரிசையாக வந்தது. ஆனால் வழக்கமான காலராக் கிருமியைத் திரள வைக்கிற ஓ1 சீரம் விட்டால் திரளவே இல்லை. சீரம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தோம். அது புது ரகம், பின்னால் ஓ139 என்று பேர் வைத்தார்கள், முதலில் தென்பட்ட ஊர்களில் நம் மெட்ராஸும் ஒன்று. அந்தப் பிளேட்டிலும் வேலை செய்தது பித்த உப்புதான்.

ஆக, நமக்கு அது ஒரு சோப்பு. எண்ணெயைக் கரைக்கும், கிருமியின் தோலைக் கரைக்கும். ஆராய்ச்சி லேபில் செல்லை உடைத்துப் புரதம் எடுக்கிறவர்களும் டியாக்ஸிகோலேட்டைத்தான் கலக்கிறார்கள். நாம் வேலையில் இருந்த காலத்திலேயே இன்னொரு விஷயம் வெளியே வந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. பித்த அமிலம் உடம்புக்குள் சேதி சொல்கிற பொருளும்கூட. 1999-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்: ஈரல் செல்லில் எஃப்.எக்ஸ்.ஆர். என்று ஒரு ஏற்பி, அதாவது சேதியை வாங்குகிற புரதம், இருக்கிறது, பித்த அமிலம் போய் அதில் உட்கார்ந்தால், "இருப்பு போதும், கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்யாதே" என்று உத்தரவு போகிறது. குடலில் இன்னொரு ஏற்பி வழியாக ஜி.எல்.பி.-1 ஹார்மோனையும் சுரக்க வைக்கிறது. இன்றைக்குச் சர்க்கரையையும் எடையையும் சேர்த்துக் குறைக்கப் போடுகிற புது ஊசிகள் அந்த ஹார்மோனைப் பின்பற்றித்தான்.

கணக்கும் எவ்வளவு சிக்கனம் பார். உடம்பில் மொத்தமே சுமார் 3 கிராம். அதுவே தினமும் பல தரம் ஈரலுக்கும் குடலுக்கும் போய்ப்போய் வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மலத்தோடு போகிற அரை கிராமைத்தான் ஈரல் புதிதாகச் செய்கிறது. இந்தச் சுற்று ஒரு இடத்தில் மந்தப்பட்டதைத்தான் என் மகளின் உள்ளங்கை சொல்லியிருக்கிறது.

அவளுக்குக் கொடுத்ததும் ஒரு பித்த அமில மாத்திரைதான், உர்சோடியாக்ஸிகோலிக். கரடிப் பித்தத்தில் நிறைய இருப்பதால் கரடியின் லத்தீன் பேரை வைத்திருக்கிறார்கள். இப்போது பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்து மாற்றிச் செய்கிறார்கள். உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 605 பெண்களிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டதில், அந்த மாத்திரை குழந்தைக்கு வரும் கெடுதலைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அரிப்பைக் கொஞ்சம் தணிக்கிறது, அவ்வளவுதான். அதனால் மாத்திரை ஆரம்பித்தாயிற்று என்று நிம்மதியாக உட்காரக் கூடாது. வாராவாரம் ரத்தம் பார்த்து, சரியான வாரத்தில் குழந்தையை வெளியே எடுப்பதுதான் காரியம். அவளுக்கு 38ஆவது வாரத்தில் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை, 2.7 கிலோ. மூன்றாம் நாளே அரிப்பு போய்விட்டது.

அப்புறம் ஒரு சண்டை. சம்பந்தி அம்மா குழந்தைக்குக் கோரோசனை உரசிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது மாட்டின் பித்தக் கல், ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது என்று நான் நின்றுவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சரியாகிவிட்டார்கள். பாவம், ஆசையில் சொன்னதுதானே.

நேற்றுக் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். மீன் வெட்டுகிற அக்கா கொடுவாவின் வயிற்றைக் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டு, பச்சையாக மொச்சைக் கொட்டை அளவில் இருந்த பித்தப்பையை உடையாமல் தூக்கி வீசினார். உடைந்தால் மீன் முழுக்கக் கசக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. இதை எழுதக் காரணம் உண்டு. உங்கள் ஊரில் குளத்துக் கெண்டையின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் கண்ணுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் தடுத்துவிடு. கெண்டை வகை மீனின் பித்தத்தில் இருக்கிற விஷம் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும்.

சின்னவளிடம் இன்றைக்கே கேள், ராத்திரி கை கால் அரிக்கிறதா என்று. அரித்தால் லோஷன் வாங்காதே, பித்த அமிலமும் ஈரல் சோதனையும் கேட்டு வாங்கு. முதல் ரிசல்ட் சரியாக இருந்தும் அரிப்பு நிற்காவிட்டால் திரும்பப் பார்க்கச் சொல், சில பேருக்கு அரிப்பு முந்தி வரும், அளவு பின்னால் ஏறும்.

வளைகாப்புத் தேதியை எழுது. வைகை எக்ஸ்பிரஸில் வந்துவிடுகிறேன். வளையல் போடும்போது அவள் உள்ளங்கையை நானே திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
தேவி