முதல் புத்தகம் போடப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதிப்பகங்களுக்குப் பிரதி பார்த்துக் கொடுப்பதும் மெய்ப்பு திருத்துவதும் என் பிழைப்பு. உங்கள் கோப்புகளைப் பதிப்பாளருக்கு முன்பே படித்துவிடுகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். சென்னையில் ஜனவரியில் நடக்கும் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று நவம்பர் கடைசியில் வந்து நிற்காதீர்கள். நந்தனத்தில் அரங்கு எடுக்கிற அத்தனை பேரும் அந்தச் சமயத்தில் அச்சகங்களை நெருக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை மெய்ப்பு பார்க்க நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்படி அவசரமாக வந்த ஒரு நாவலில், அப்பா செத்த வீட்டில் எல்லோரும் 'உழுது' கொண்டிருந்தார்கள். அட்டையில் இருப்பது உங்கள் பெயர், வாசகர் உங்களைத்தான் திட்டுவார். காட்சி முடிந்து கணக்கெல்லாம் அடங்கிய பிறகு, மார்ச், ஏப்ரலில் கொடுத்துப் பாருங்கள். படிப்பதற்கு ஆள் இருக்கும்.

எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் இலக்கிய முகவர் என்ற ஏற்பாடு தமிழில் ஏறக்குறைய கிடையாது. நீங்களேதான் பதிப்பகத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் சமீபத்தில் போட்ட புத்தகங்களில் இரண்டையாவது படித்துவிட்டு எழுதுங்கள். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும், அதைத் திருத்துவதற்குள் கதை மேலேயே வெறுப்பு வந்துவிடும். மூன்று மாதம் பொறுத்து ஒருமுறை கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நிராகரிப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலையெல்லாம் சட்டென்று வரும் சம்மதத்தைப் பற்றித்தான். அனுப்பிய வாரத்திலேயே "அருமையான எழுத்து, உடனே போட்டுவிடலாம்" என்று பதில் வரும். அடுத்த போனில், 200 பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள். கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவருவதில் தவறே இல்லை. ஆனால் அது நீங்கள் செய்யும் முதலீடு. மொத்தம் எத்தனை அச்சடிக்கிறார்கள், மீதிப் பிரதி யாருடையது, விற்றால் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். புத்தகத்துக்கு அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசு முகமை இலவசமாகத்தான் கொடுக்கிறது. சொந்தமாகப் போடுகிற எழுத்தாளரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம்.

"அண்ணன் தம்பியாகப் பழகிவிட்டோம், இப்போது போய்ப் பேப்பரை நீட்டினால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ" என்ற கூச்சம் உங்களில் பலருக்கு இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆவது பிரிவு, எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட எழுத்து வடிவம் இல்லாமல் உரிமை கைமாறவே மாறாது என்கிறது. எந்த நூல், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பிரதேசம், ராயல்டி (விற்பனையில் உங்கள் பங்கு) எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். பிரதேசத்தை விட்டால் இந்தியா மட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும்.

அதனால்தான் "அனைத்து உரிமைகளும், அனைத்து மொழிகளிலும், அனைத்து வடிவங்களிலும், நிரந்தரமாக" என்ற வரியைப் பார்த்தால் பேனாவை மூடிவையுங்கள். சட்டம் உங்களுக்குத் தருகிற பாதுகாப்பில் பெரும்பகுதியை அந்த ஒரு வரி வாங்கிக்கொண்டு போய்விடும். தமிழில் அச்சுப் புத்தகம், ஐந்து ஆண்டு. இவ்வளவு கொடுத்தால் போதும். மின்னூல் போடுவார்களா என்று கேளுங்கள், போடுவார்கள் என்றால் அதற்குத் தனி விகிதம் பேசுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், சினிமா மூன்றும் உங்களிடமே இருக்கட்டும். சினிமாவா, என் கதைக்கா என்று சிரிக்காதீர்கள். உரிமை யாரிடம் என்ற தகராறு, கேட்டு ஆள் வந்த பிறகுதான் கிளம்பும்.

பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்பும் என்று பழைய ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். கேட்டால் கேட்ட அளவு அச்சடிக்கும் இந்தக் காலத்தில் எந்தப் புத்தகமும் 'தீர்ந்து' போவதில்லை. அதற்குப் பதிலாக, ஓராண்டில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை என்னுடையது என்று ஓர் எண்ணைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ராயல்டி வழக்கமாக அட்டை விலையில் 10 சதவீதம். 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். முதல் புத்தகம் ஒரே ஆண்டில் அந்த 300ஐத் தொடுவதே பலருக்கு நடப்பதில்லை. வெளியீட்டு விழா மண்டபத்துக்கும் சால்வைக்கும் அதைவிடக் கூடுதலாகச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். பதிப்பாளர் கொழிக்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். கடைக்காரருக்குக் கழிவாகவே 30, 40 சதவீதம் போய்விடும், அந்தப் பணமும் மாதக்கணக்கில் இழுத்துத்தான் வரும். ஆனால் அவருடைய கஷ்டம் உங்களுக்குக் கணக்குக் காட்டாததற்குக் காரணம் ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை, எந்த மாதம் என்று குறிப்பிட்டு, விற்பனைக் கணக்கு எழுத்தில் வர வேண்டும். நூலக ஆணையில், அதாவது அரசு நூலகங்களுக்காக வாங்குவதில், போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா, எந்த விலையை வைத்து என்பதையும் சேர்த்தே கேளுங்கள். நூலகத்துறை தருகிற விலையும் அட்டை விலையும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் கேட்டால் புத்தகமே வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கும். நல்ல பதிப்பாளர் இரண்டு வரியை அடித்துத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அச்சடித்த ஒப்பந்தம் எங்களிடம் கிடையாது என்று சொன்னால், மேலே சொன்னவற்றை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இருவரும் கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்று உங்கள் கைக்கு வந்த பிறகு அட்டைப்படத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் மெய்ப்பு திருத்துநர்