பல்லைப் பார்த்தது போதும், தூக்கத்தைக் கேளுங்கள்

பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினருக்கும் தொழிலாளர் துறை ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரவு பத்தரை வரை வெங்காயம் உரிக்கிறான். கடை அவன் அப்பாவுடையது. "ஸ்கூலுக்கு டாக்டர் வந்தாங்களே, என்னடா கேட்டாங்க?" என்றேன். "எடை பார்த்தாங்க, நாக்க நீட்டச் சொன்னாங்கண்ணே" என்றான். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று யாரும் கேட்கவில்லையாம்.

இங்கிலாந்தில் 1833-இல் வந்த ஆலைச் சட்டம், ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஞ்சாலையிலும் கம்பளி ஆலையிலும் சேர்க்கக் கூடாது என்றது. சரி, வயதை எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே பிறப்புப் பதிவே 1837-இல்தான் தொடங்கியது. அதனால் மருத்துவர் ஆளைப் பார்த்து, இந்த வயதுக்குரிய வளர்த்தியும் வலுவும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். உயரத்தைவிடப் பல்லை நம்பலாம் என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர் வாதாடினார். நம் மாட்டுச் சந்தைதான் ஞாபகத்துக்கு வருகிறது. நம் நாட்டின் 1881 ஆலைச் சட்டமோ ஏழு வயதிலேயே ஆலைக்குள் விட்டது. ஒன்பதாக உயர்த்தப் பத்து வருடம் ஆனது.

தென்னாப்பிரிக்காவில் நடத்திய போயர் போருக்கு ஆள் எடுக்கும்போது ஏகப்பட்ட இளைஞர்கள் உடல் தகுதியில்லாமல் கழிக்கப்பட்ட பிறகுதான் இங்கிலாந்து விழித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை 1907-இல் சட்டமானது. நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம் நடந்தது. விடியற்காலையில் பேப்பரும் பாலும் போட்டுவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அங்கேயும் இருந்தார்கள். அந்த வேலை உடம்பையோ படிப்பையோ கெடுக்கிறது என்று தெரிந்தால் தடுக்கவோ குறைக்கவோ 1944 கல்விச் சட்டம் உள்ளூர் கல்வி நிர்வாகத்துக்கே அதிகாரம் தந்தது. பள்ளி மருத்துவச் சேவையும் அதே நிர்வாகத்தின் கையில்தான் இருந்தது.

இங்கே குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை கைகொடுக்கலாம் என்கிறது. 2017 விதிகள் அதற்கும் வரம்பு கட்டின: நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை அறவே கூடாது. நல்ல விதிதான். ஆனால் மருத்துவர் வருவது பகலில், ஆய்வாளர் வருவதும் பகலில். வெங்காயம் உரிப்பது ராத்திரியில்.

அதனால்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். மருத்துவ அட்டையில் ஒரு வரி சேருங்கள்: பள்ளி விட்டதும் என்ன வேலை, எத்தனை மணிக்குத் தூக்கம்? பதில் சரியில்லை என்றால் தலைமையாசிரியருக்கு ஒரு குறிப்பு, அவர் வழியாக ஆய்வாளருக்கு. எடுத்த எடுப்பில் ரெய்டு வேண்டாம், அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்தக் கடைதான். முதலில் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அடுத்த முறை வரும்போது அவன் கையை வாங்கி ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பகலிலும் வெங்காய வாடை அடிக்கும்.