பத்திலிருந்து ஒன்பதுக்கு எப்படி இறங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் அவ்வப்போது எழுதுகிறீர்கள். டாக்டர்களும் அதையேதான் சொல்கிறார்கள். சரி, அந்தப் படிகளை யார் கட்டித் தருவது?

நான் கோவை செல்வபுரத்தில் நகைப் பட்டறை வைத்திருப்பவன். என் மனைவிக்கு அறுபது வயதைத் தாண்டியதும் காலை வேளையில் தோளும் இடுப்பும் இறுகிக்கொள்ள ஆரம்பித்தன. கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. கட்டிலில் திரும்பிப் படுக்கவே ஆள் வேண்டும். வாதம் என்றார்கள், வயதானால் அப்படித்தான் என்றார்கள். கடைசியில் மூட்டுநோய் மருத்துவர் ஒருவர் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, ‘பாலிமயால்ஜியா ருமாட்டிகா’ என்று நோய்க்குப் பெயர் சொல்லி, பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 15 மில்லிகிராம் அளவில் எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மருந்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏறியது சுலபம், இறங்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

10 மில்லிகிராமுக்கு வந்த பிறகு, நான்கு வாரத்துக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குறைக்கச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்தது. 9, பிறகு 8, பிறகு 7. மருந்துக் கடையில் இருப்பதோ 5, 10, 20, 40. ஒன்பதுக்கு எங்கே போவது? ஒரு முழு 5 மில்லிகிராம் மாத்திரையும், இன்னொரு மாத்திரையில் ஐந்தில் நான்கு பங்கும் வேண்டும். சட்டைப் பித்தானை விடச் சிறிய வட்ட மாத்திரையை ஐந்து சம பாகமாக்க என்னிடம் உள்ள எந்த உளியாலும் முடியாது. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். “ஐயா, எல்லோரும் பாதியாக, காலாக உடைத்துத்தான் போடுகிறார்கள்” என்றார். இங்கிலாந்தில் இதே மருந்து 1 மில்லிகிராம் மாத்திரையாகவே விற்கிறது. அங்கே ஒன்பது என்று எழுதினால் ஒரு ஐந்தும் நான்கு ஒன்றும் எண்ணிப் போட்டுக்கொள்ளலாம்.

என்னிடம் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கிறது. பட்டறையை அடைத்த பிறகு ஓர் இரவு மாத்திரைகளை உடைத்து நிறுத்துப் பார்த்தேன். மாத்திரையின் மொத்த எடை ஏறக்குறைய ஒரு குந்துமணி. அதில் மருந்து 5 மில்லிகிராம்தான். மீதி மாவும் சேர்மானமும். நடுவில் கோடு போட்ட மாத்திரை அந்தக் கோட்டில் நன்றாகவே பிளந்தது. இரண்டு பாதிக்கும் வித்தியாசம் சொற்பம். அந்தப் பாதியைக் கத்தியால் மறுபடி பாதியாக்கியபோதுதான் வேடிக்கை. ஒரு துண்டின் எடை 22 மில்லிகிராம், அதன் ஜோடி 33. விளிம்பு உதிர்ந்த பொடி தனி. எங்கள் தொழிலில் சேதாரத்தைக் கணக்கில் ஏற்றிவிடுவோம். இந்தப் பொடியில் போன மருந்தை எதில் ஏற்றுவது? வேறொரு கம்பெனி மாத்திரையில் கோடே இல்லை. அது மூன்றாக நொறுங்கி, ஒரு துண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது.

இதை மருத்துவரிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். கணக்கை மாற்றினார்: ஒரு நாள் 10, மறுநாள் ஏழரை. சராசரி எட்டே முக்கால். பாதி மாத்திரைக்குக் கீழே உடைக்க வேண்டியதில்லை. கால் துண்டு போட்டே தீர வேண்டிய கட்டம் வந்தால், ஒரே மாத்திரையின் நான்கு துண்டுகளையும் அடுத்தடுத்த நாட்களில் தீர்த்துவிடச் சொன்னார். இன்று கூடினால் நாளை குறைந்து நேராகிவிடுமாம். மாதத்துக்கானதை மொத்தமாக வெட்டி டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது, ஈரம் ஏறும் என்றார். குடலில் போய்க் கரைவதற்காக மேல்பூச்சுப் போட்ட மாத்திரையை உடைக்கவே கூடாதாம். இவ்வளவும் நான் துருவிக் கேட்டதால் கிடைத்தது. சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் வெளியே வருகிறவருக்கு யார் சொல்வார்கள்?

கடைசி ஐந்து மில்லிகிராமில்தான் ஆபத்து அதிகம். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், உடலின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசோலை, ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமமான அளவில் தினமும் தாமாகவே சுரக்கின்றன. மாத்திரையாக வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அவை வேலையை விட்டுவிடுகின்றன. திரும்ப ஆரம்பிக்க நாளாகும். 40இலிருந்து 35க்கு வந்தால் எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. 5இலிருந்து இரண்டரைக்கு வந்தால் ஒரே அடியில் பாதி போய்விடுகிறது. சிறிய படி தேவைப்படும் இடத்தில்தான் நமக்குப் பெரிய படி கிடைக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர், “அரைத் துண்டுக்கு எதற்கு இத்தனை பாடு” என்று தானாகவே நிறுத்திவிட்டார். வாந்தி, மயக்கம், எழுந்து நிற்க முடியாத சோர்வு. ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவருக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்ததும் 5 மில்லிகிராம் மாத்திரைதான். அவர் வீட்டில் தராசு கிடையாது.

குழந்தைகளுக்கான சிரப் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 5 மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள புட்டியாக இருந்தால், ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்தால் ஒரு மில்லிகிராம். ஆனால் அதே மருந்து 5 மில்லியில் 15 மில்லிகிராம் உள்ள புட்டியாகவும் வருகிறது. கடையில் ஆள் மாறி அதை எடுத்துக் கொடுத்தால் மூன்று மடங்கு உள்ளே போகும். புட்டியில் உள்ள சின்ன எழுத்து, கண்ணாடி போட்ட எனக்கே தெரியவில்லை. இனிப்பு வேறு, ஸ்டீராய்டால் ஏற்கெனவே சர்க்கரை ஏறி நிற்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட முடியாது.

ஆகவே உங்கள் நாளிதழ் வழியாகச் சிலரிடம் கேட்கிறேன். மருந்துக் கம்பெனிகள் 1 மில்லிகிராம் மாத்திரையைச் சிறு ஊர்க் கடைகள் வரை கொண்டுவரட்டும். லாபம் குறைவு என்பார்கள், தெரிந்ததுதான். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கேட்டால் அவர்களுக்கும் கணக்கு ஒத்துவரலாம்.

கடைக்காரர்கள் அட்டையைக் கத்தரியால் வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். நாலு மாத்திரை வாங்கும் ஏழைக்கும் அந்தத் தேதியைக் கவரில் எழுதிக் கொடுக்கலாமே. இங்கிலாந்தில் 2020 முதல், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அவசர அட்டை ஒன்று கொடுக்கிறார்கள்; மயங்கி விழுந்தால் மருத்துவமனையில் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். என் மனைவியின் பணப்பையில் இருப்பது நான் கையால் எழுதி வைத்த துண்டுச் சீட்டு.

1 மில்லிகிராம் வரும்வரை, இரண்டரை மில்லிகிராம் மாத்திரையையாவது கடைகளில் இருப்பு வைக்கட்டும். ஒரு கம்பெனி போடுகிறது; ஆர்டர் கொடுத்தால் வருகிறது. நான் கேட்ட கடையில் பத்து அட்டை எடுத்தால்தான் தருவிப்பேன் என்றார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நகைத் தொழிலாளி,
செல்வபுரம், கோவை.